பெட்டி ராட்டையில் நூற்ற நூல் நிட்டிங்குக்கு ஒத்துவருமா? ஓராண்டு பயன்படுத்திய பின் ஒரு மதிப்புரை

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக்குப் பெட்டி ராட்டை வந்து ஓராண்டு நிறைந்துவிட்டது. மூடினால் கைப்பெட்டி போலத் தூக்கிச் செல்லக்கூடிய மரப்பெட்டி, அதற்குள் படுக்கைவாட்டில் இரண்டு சக்கரங்கள், நூலை முறுக்கிச் சுற்றும் ஊசி போன்ற இரண்டு கதிர்கள், சிட்டம் (நூல் வளையக் கட்டு) சுற்ற ஒரு மடக்குச் சட்டம் ஆகியவை எல்லாம் சேர்ந்து, அனுப்பும் செலவோடு 4,200 ரூபாய் ஆயிற்று. இதை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் தறிக்கு நூல் கொடுப்பதற்காகவோ, நாள்தோறும் சிறிது நேரம் நூற்கும் பழக்கத்துக்காகவோ வாங்குகிறார்கள். இதில் நூற்ற பருத்தி நூலைக் கொண்டே நிட்டிங் செய்ய வேண்டும் என்பதற்காக நான் வாங்கினேன். அதே எண்ணத்தில் இருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

பருத்தியைத் தேடிப் போனதற்குக் காரணம் என் பேத்தி. எங்கள் பகுதியில் ஃபேன்சி ஸ்டோர்களில் நிட்டிங் நூல் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் அக்ரிலிக் உருண்டைகள்தான். ஓசூர், தளிப் பக்கத்து மார்கழிக் குளிருக்கு அது பொருந்தலாம். கிருஷ்ணகிரி வெயிலில் அக்ரிலிக் தொப்பி போட்ட குழந்தையின் நெற்றியோரத்தில் வியர்க்குரு வந்ததைப் பார்த்த பிறகு எனக்கு அதைக் கையில் எடுக்கவே மனம் வரவில்லை. பதினைந்து கிலோமீட்டர் போனால் பர்கூரில் கடைக்குக் கடை துணி குவிந்து கிடக்கிறது. ஆனால் ஊசியில் ஏற்றிப் பின்னுவதற்கான கனமான, மென்மையான பருத்தி நூலை அங்கும் நான் காணவில்லை.

கருவியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1929-இல் அகில இந்திய சர்க்கா சங்கம் ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்து, எட்டு மணி நேரத்தில் 16,000 அடி நூல் கொடுக்கக்கூடிய, விலை 150 ரூபாய்க்கு மேற்படாத ராட்டையைக் கேட்டது. அந்தப் போட்டிக்காக இல்லாவிட்டாலும், அதே காலத்தில், எரவாடா சிறையில் காந்தி இருந்தபோது உருப்பெற்றதுதான் இன்று நாம் பயன்படுத்தும் பெட்டி வடிவம். கைப்பிடி உள்ள பெரிய சக்கரத்திலிருந்து ஒரு கயிறு சிறிய சக்கரத்தின் குடத்துக்கு, அதாவது நடுப்பகுதிக்கு, போகிறது. சிறிய சக்கரத்தின் விளிம்பிலிருந்து இன்னொரு கயிறு கதிருக்குப் போகிறது. இப்படி இரண்டு படியாக வேகம் கூடுவதால், கையை நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றினாலே கதிர் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழல்கிறது. பருத்தி இழை நீளம் குறைந்தது. முறுக்கு நிறைய ஏறினால்தான் ஒன்றையொன்று பற்றி நிற்கும். அதற்கு இந்த வேகம் அவசியம்.

எனக்கு வந்த பெட்டியில் இரண்டு கதிர்களில் ஒன்று வளைந்திருந்தது. பார்வைக்குத் தெரியவில்லை, கதிர் சுழலும்போது ஒரு முனகல் சத்தமும், இழையில் விட்டுவிட்டு ஓர் உதறலும் மட்டும் இருந்தன. என் கைதான் தவறு என்று நினைத்துப் பத்து நாள் வீணாக்கினேன். பிறகு கதிரைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தபோது அதன் நுனி ஒரு நெல்மணி உயரத்துக்கு எழுந்து எழுந்து அடங்கியது. விற்றவர்கள் மாற்றுக் கதிர் அனுப்பினார்கள். ஆனால் அதற்கு ஒன்றரை மாதமும் நான்கு தொலைபேசி அழைப்புகளும் தேவைப்பட்டன. பெட்டி வந்த அன்றே இந்தக் கண்ணாடிச் சோதனையைச் செய்துவிடுங்கள் என்று வாங்குகிற எல்லோருக்கும் சொல்வேன். அச்சுகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். தேங்காய் எண்ணெய் விட வேண்டாம். குளிர்ந்த காலையில் அது உறைந்து சக்கரத்தைக் கனமாக்குவதோடு, தெறித்த இடத்தில் நூலில் கறையும் பிடிக்கிறது.

நூற்கும் முறை எளிதாகத் தோன்றும். வலக்கை சக்கரத்தைச் சுற்ற, இடக்கை பஞ்சுத் திரியைக் கதிர் நுனியிலிருந்து சற்றுச் சாய்வாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே போகிறது. கை எட்டும் தூரம் வந்ததும் சக்கரத்தைக் கால் சுற்றுப் பின்னால் திருப்பி, நுனியில் சுற்றியிருப்பதை அவிழ்த்து, நூலைக் கதிரின் வயிற்றில் சுற்றிவிட வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் திரியைப் பிடிப்பது ஒரு குஞ்சுப் பறவையைப் பிடிப்பது போல இருக்க வேண்டும். அழுத்தினால் இழை நடுவில் மெலிந்து அறுகிறது, விட்டால் தடித்த முடிச்சாக இறங்குகிறது. எனக்கு அந்தப் பிடி கைவர மூன்று வாரம் ஆயிற்று. இப்போது மணிக்கு 150 மீட்டர் நூற்கிறேன். 1929-இல் கேட்ட அளவைக் கணக்கிட்டால் மணிக்கு 600 மீட்டருக்கு மேல் வருகிறது. அன்று எந்த அளவுக்குக் கேட்டார்கள் என்பது இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

ராட்டையை விடத் திரியே முக்கியம் என்பது இந்த ஓராண்டில் நான் கற்றதில் முதன்மையானது. பெட்டியோடு கொடுத்த அரைக் கிலோ திரி நன்றாக இருந்தது. அது தீர்ந்ததும் இணையத்தில் வேறு ஒருவரிடம் வாங்கியது, வெண்மையாகவும் பளபளப்பாகவும் இருந்தும், முழத்துக்கு ஒரு முறை அறுந்தது. ஒரு சிட்டிகை பிரித்துக் கறுப்புத் துணி மேல் இழுத்துப் போட்டுப் பார்த்தேன். பாதி இழைகள் என் சுண்டுவிரல் நகத்தின் நீளம்கூட இல்லை. ஆலைக் கழிவைச் சேர்த்துத் திரி உருட்டியிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. அதன் பிறகு அரூர்ப் பக்கத்து உறவினர் ஒருவரின் காட்டிலிருந்து ஒரு பை பருத்தி வாங்கி வந்து, கொட்டையைக் கையாலேயே பிரித்து, மெத்தை தைக்கும் கடையில் பஞ்சு கொட்டித் தருபவரிடம் கொட்டி வாங்கி, ஊசியைச் சுற்றி விரல் நீளத் திரியாக உருட்டினேன். கொட்டை எடுப்பது மட்டும் மாலை மாலையாக இரண்டு வாரம் பிடித்தது. ஆனால் அந்தத் திரி நீர் வழிவது போல இழைந்தது. எல்லோருக்கும் இது சாத்தியமில்லை. திரி வாங்குவதாக இருந்தால் முதலில் 50 கிராம் மட்டும் வாங்கி, கறுப்புத் துணியில் இழையின் நீளத்தைப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் மேற்கொண்டு வாங்காதீர்கள்.

வானிலையும் கணக்கில் வரும். பங்குனி, சித்திரையில் எங்கள் ஊர் உலர்ந்த காற்றில் இழை நொறுங்குவது போல அறுகிறது; ஈரப்பதத்தில் பருத்தி வலுப்பெறும். அந்த மாதங்களில் விடியற்காலை ஆறு மணிக்கு உட்கார்ந்து, சன்னலில் நனைத்த துண்டைத் தொங்கவிட்டு நூற்றால் பாதிக்குப் பாதி அறுபடல் குறைகிறது.

இனி நிட்டிங் செய்பவர்களுக்கு உரிய விஷயம். ராட்டையிலிருந்து வரும் ஒற்றை இழையை அப்படியே ஊசியில் ஏற்றக் கூடாது. நான் ஏற்றிப் பார்த்தேன்: நாற்பது கண்ணி போட்டு நான்கு அங்குலம் பின்னிய சதுரம் ஊசியை விட்டு இறங்கியதும் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. நூலில் அடங்காமல் இருக்கும் முறுக்கு கண்ணி ஒவ்வொன்றையும் ஒரே திசையில் திருப்புவதால் இது நேர்கிறது. தறியில் பாவும் ஊடையும் (நீளவாட்டு, குறுக்குவாட்டு இழைகள்) இறுக்கிப் பிடிப்பதால் நெசவாளர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. தீர்வு, இழைகளைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்குவதுதான். சக்கரத்தைத் தலைகீழாகச் சுற்றினால் போதும். அதற்கும் இதே ராட்டை உதவுகிறது.

எத்தனை இழை என்பதற்குக் கணக்கு உண்டு. நூலின் கனத்தைச் சொல்வது நம்பர்; நம்பர் கூடக்கூட நூல் மெல்லியதாகும். 10-ஆம் நம்பர் நூல் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 17 மீட்டர் வரும். இரண்டு இழை சேர்த்தால் எட்டரை மீட்டர். அது குரோஷா லேஸுக்குத்தான் ஆகும். நான்கு இழை சேர்த்தால் கிராமுக்கு 4 மீட்டருக்குச் சற்று மேல் வந்து, 3 மில்லிமீட்டர் ஊசிக்குச் சரியாக அமைகிறது. ராட்டையோடு வந்த கையேடு 20-ஆம் நம்பருக்கு மேல் மெல்லியதாக நூற்பதையே குறிக்கோளாகச் சொல்கிறது. தறிக்கு அது சரி. நிட்டிங் செய்பவர் அதைப் பின்பற்றினால் எட்டு இழை சேர்க்க வேண்டியதாகி, ஒரு தொப்பிக்கே இரு மடங்கு நீளம் நூற்க நேரும். 10-ஆம் நம்பரில், சற்றுத் தடிப்பாக, தயங்காமல் நூற்றுக்கொள்ளுங்கள்.

முறுக்கிய சிட்டத்தை நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, சலவைச் சோடாவும் சிறிது சோப்பும் போட்ட தண்ணீரில் ஒரு மணி நேரம் வேகவைக்க வேண்டும். முதல் முறை பானையைத் திறந்தபோது தண்ணீர் தேயிலைச் சாறு போலப் பழுப்பாக இருந்தது. வெள்ளைப் பஞ்சில் இவ்வளவு இருந்ததா என்று திகைத்துப்போனேன். பருத்தியின் மேல் இயற்கையாக உள்ள மெழுகும் அழுக்கும் அதில் இறங்குகின்றன. வேகாத நூல் தண்ணீரில் மிதக்கும், வெந்தது உடனே மூழ்கும். வியர்வையை உறிஞ்ச வேண்டிய குழந்தைத் துணிக்கு இந்த வேறுபாடு பெரியது. முறுக்கும் இதில் படிந்துவிடுகிறது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பேத்திக்குப் பின்னிய முதல் தொப்பிக்கு 40 கிராம் நூல் ஆயிற்று. அதாவது ஒற்றை இழையாக 680 மீட்டர். நூற்க மட்டும் நாலரை மணி நேரம், முறுக்கவும் வேகவைக்கவும் ஒரு நாள், பின்ன மூன்று மாலைகள். கம்பளியைப் போலப் பருத்தி சுருங்கி விரியாது என்பதால் விளிம்புக்கு இரண்டு நேர்க்கண்ணி, இரண்டு எதிர்க்கண்ணி என்று மாற்றி மாற்றிப் பின்னினேன். கையில் தொட்டால் கடைத் துணிக்கு இல்லாத ஒரு சிறிய மேடு பள்ளம் தெரிகிறது. ஆனால் கரகரப்பு இல்லை. ஒரு கோடை முழுவதும் அணிந்தும் நெற்றியில் ஒரு வியர்க்குருகூட வரவில்லை.

கம்பளி நூற்க இந்தப் பெட்டியை வாங்க நினைப்பவர்கள் சற்று யோசிக்க வேண்டும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஆடு வளர்க்கும் குரும்பர் குடும்பம் ஒன்றிலிருந்து கத்தரித்த மயிர் சிறிது வாங்கி வந்தேன். அந்த வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து, வெறும் கைக்கதிர் ஒன்றைத் தொடையில் உருட்டிவிட்டு, என்னிடம் பேசிக்கொண்டே ஒரே கனத்தில் நூல் இறக்கிக்கொண்டிருந்தார். “இதுக்கு வேகம் வேணாம்மா, பொறுமைதான் வேணும்” என்றார். அவர் சொன்னதன் பொருள் பெட்டி ராட்டையில் அதே மயிரைப் போட்டபோது விளங்கியது: நீளமான, முரட்டு மயிருக்கு இந்த வேகம் மிகுதியாக முறுக்கி, கம்பி போன்ற நூலைத் தருகிறது. பிறகு தக்ளி எனப்படும் கைக்கதிரிலேயே நூற்று, 6 மில்லிமீட்டர் ஊசியில் ஓர் ஆசன விரிப்புப் பின்னினேன், அது உழைக்கிறது. உடம்பில் படும் துணிக்கு அந்த மயிர் ஆகாது.

முட்டி வலி உள்ளவர்கள் தரையில் உட்கார வேண்டியதில்லை. தாழ்வான ஸ்டூலில் பெட்டியை வைத்து, நாற்காலியில் அமர்ந்து சுற்றினாலும் குறைவில்லை. சத்தம் மிகக் குறைவு. பக்கத்து அறையில் குழந்தை தூங்கும்போதே நூற்கிறேன். கயிறுகள் எட்டு மாதத்தில் தேய்ந்தன. கடையில் கிடைக்கும் பருத்திக் கயிற்றைத் திரித்து மெழுகு தேய்த்து மாற்றிக்கொண்டேன்.

ஏற்கெனவே நிட்டிங் தெரிந்தவர்கள், தங்களுக்கு வேண்டிய நூல் கடையில் கிடைக்காமல் தவிப்பவர்கள், தாராளமாக இதை வாங்கலாம். நிட்டிங்கையும் நூற்பையும் ஒன்றாகக் கற்க நினைப்பவர்கள் முதலில் ஒரு தக்ளி வாங்கி ஒரு மாதம் பார்த்துவிட்டு வரட்டும். விலைக்கு ஏற்ற உழைப்பு மரத்திலும் சக்கரத்திலும் இருக்கிறது. கதிரிலும் கையேட்டிலும் இல்லை.

தொப்பி மூன்றாவது சலவையில் ஒன்றரை விரல் அளவுக்கு அகன்றது. 112 கண்ணியில் தொடங்கியிருந்தேன். இப்போது ஊசியில் ஏறியிருக்கும் இரண்டாவது தொப்பிக்கு 104 போட்டிருக்கிறேன்.