மாட்டுக்கு சூராட் பெரானாக்: பிரம்மன் சங்கத்துல ஒரு வருஷம்

2024 ஜனவரி, மாட்டுப் பொங்கல் முடிஞ்ச கையோட ஒரு பிரம்மன் மாட்டு சங்கத்துல மெம்பரா சேர்ந்தேன். பாரம் எழுதிக்கிட்டு இருக்கும்போது பாட்டி எட்டிப் பாத்துச்சு. மாட்டோட அப்பன் பேரு ஆத்தா பேரு தாத்தன் பேரு எல்லாம் எழுதிக் குடுத்தா புக்குல ஏத்தி சர்ட்டிபிகேட் குடுப்பாங்க பாட்டின்னு சொன்னேன். "எனக்கே கல்யாணம் கட்டி ரெண்டு புள்ள பெத்த பொறவுதான் சூராட் பெரானாக் கெடச்சிச்சு, மாட்டுக்கு பொறந்த ஒடனேயா?"ன்னுச்சு. சூராட் பெரானாக்னா பொறப்பு சர்ட்டிபிகேட். அன்னைக்கு சிரிச்சேன். இப்ப ஒரு வருஷம் ஆச்சு, காசு போட்டதுக்கு பிரயோஜனம் உண்டான்னு ரெண்டு மூணு பேரு கேட்டுட்டாங்க, அதான் எழுதுறேன். சங்கத்து பேரு வேணாம், சின்ன சங்கம், ஆளாளுக்கு மொகம் தெரியும்.

நான் இருக்கிறது மலேசியாவுல, ஜொகூர்ல ரெங்கம் பக்கம். பால்மரம் போயி செம்பனை வந்த எஸ்டேட், அந்த செம்பனைக்கு அடியில எட்டு பசு மேய்க்கிறேன். அதுல ரெண்டு தான் பேப்பர் உள்ள சுத்த பிரம்மன், மிச்சம் ஆறும் கம்பத்து மாட்டோட, அதாவது இங்கத்த கிராமத்து மாட்டோட கலந்தது. பிரம்மன்னு பேரக் கேட்டதும் நம்ம ஊரு மாடுன்னு நெனக்கிறாங்க, பாதி சரி. ஓங்கோல், கிர், காங்க்ரேஜ்னு இந்தியாவுல இருந்து போன மாடுங்கள அமெரிக்காகாரன் கலந்து இறைச்சிக்குன்னே உருவாக்குனது, 1924ல ஹூஸ்டன்ல அதுக்கு சங்கமும் ஆரம்பிச்சிட்டான். மாட்டுக்கு வம்சப் புத்தகம் போடுற பழக்கம் அதுக்கும் நூறு வருஷம் முந்தி, 1822ல இங்கிலாந்துல கோட்ஸுன்னு ஒருத்தர் ஷார்ட்ஹார்ன் மாடுங்களுக்கு போட்டது.

இறைச்சி மாடுன்னு சொன்னதும் வீட்ல பிரச்சனை. எங்க வீட்டுல மாட்டிறைச்சி வாசப்படி ஏறாது. அம்மாகிட்ட நான் விக்கிறது பொலிகாளை மட்டும்தான், இனத்துக்குத்தான் போவுதுன்னு சொல்லி வச்சிருக்கேன். ஆனா பொறக்கிற காளைக்கன்னு எல்லாம் பொலிகாளையா ஆவாதுன்னு அம்மாவுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். ஜூன் மாசம் ஹரி ராயா ஹஜிக்கு, அதான் பக்ரீத்துக்கு, ரெண்டு காளைய லோரியில ஏத்துனப்ப அம்மா பொழக்கடைக்கு போயிருச்சு, சாயந்தரம் வரைக்கும் எங்கிட்ட பேசல. இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.

சரி விஷயத்துக்கு வர்றேன். சங்கத்துல சேர்ந்தா மொதல்ல கெடைக்கிறது வேலை. கன்னு பொறந்த 24 மணி நேரத்துக்குள்ள எடை போடணும், தேதி எழுதணும், காதுல அடையாள தேக் (tag) குத்தணும். எடை போடுறதுன்னா எப்படி? எங்கிட்ட தராசு கெடையாது. பழம் நிறுக்கிற தொங்கு தராச இரவல் வாங்கி, அரிசி சாக்குல நாலு ஓட்டை போட்டு, கன்னோட நாலு காலையும் அதுல விட்டு, மரக்கட்டையில மாட்டித் தூக்கணும். தாய் மாடு சும்மா பாத்துக்கிட்டு நிக்குமா? மார்ச்ல பொறந்த மொத கன்னுக்கு நானும் மச்சானும் தூக்கினோம், 31 கிலோன்னு முள்ள பாத்தது தான் தெரியும், அடுத்த நிமிஷம் மச்சான் கால்வாயில கெடந்தான். தராசு மட்டும் தப்பிச்சிச்சு.

அப்புறம் டிஎன்ஏ. அப்பன் இவன் தான்னு நிரூபிக்க கன்னோட வால் முடிய அனுப்பணும். நான் கத்திரிக்கோலால நறுக்குனு வெட்டி கவர்ல போட்டு அனுப்பிட்டேன். ஒரு மாசம் கழிச்சு திருப்பி அனுப்பிட்டாங்க. முடிய வெட்டக் கூடாதாம், பிடுங்கணுமாம், அடியில இருக்கிற வேர்லதான் டிஎன்ஏ இருக்காம். பாரத்துல இது எங்கயோ பொடி எழுத்துல இருந்துச்சு, போன்ல கேட்டிருந்தா ஒரு வார்த்தையில சொல்லியிருப்பாங்க, ஆனா போன எடுக்கிறதுதான் எங்க சங்கத்துக்கு வராத வித்தை.

ஜூலையில வருஷாந்திர கூட்டம், ஒரு காப்பிக்கடை மாடியில. மூணு மணி நேரத்துல ரெண்டே முக்கால் மணி நேரம் ஒரே சண்டை, கலப்பு மாட்ட ஏத்திக்கலாமா கூடாதான்னு. கணக்கு என்னன்னா, கம்பத்துப் பசுவ சுத்த பிரம்மனுக்கு சேர்த்தா கன்னு பாதி, அதோட கன்னு முக்கால், அதோட கன்னு எட்டுல ஏழு, நாலாவது தலைமுறைக்கு பதினாறுல பதினஞ்சு. அங்க வந்தா சுத்தம்னு ஒத்துக்கலாம்னு எங்கள மாதிரி ஆளுங்க சொல்றோம், பல சங்கத்துல இப்படித்தான் செய்றாங்க. பழைய மெம்பருங்க முடியாதுன்னு நிக்கிறாங்க, ஏன்னா அவங்க காசு குடுத்து பேப்பர் மாடு வாங்குனவங்க. ஒரு தலைமுறைக்கு மூணு வருஷம்னு வச்சாலும் பன்னெண்டு வருஷம், அதுக்குள்ள எனக்கு அறுபது ஆயிரும், அதுக்கும் இவங்க பயப்படுறாங்க பாருங்க. முடிவு எடுக்காமலே மீ கோரெங் வந்துருச்சு.

எனக்கு உருப்படியா கெடச்சதுன்னா ரெண்டு விஷயம். ஒண்ணு, காளை விந்து வாங்குறதுக்கு முந்தி என்ன பாக்கணும்னு கத்துக்கிட்டது. பிரம்மன்ல பாம்பே (Pompe) நோய்னு ஒண்ணு இருக்கு, மும்பைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, பரம்பரையா வர்றது. காளை, பசு ரெண்டுமே அந்த நோயோட மரபணுவ வச்சிருந்தா நாலுல ஒரு கன்னுக்கு வர்ற வாய்ப்பு, வந்த கன்னு வளராம தசை வலுவிழந்து ஒரு வயசுக்குள்ள செத்துரும். பாத்தா எந்த மாடு வச்சிருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது, டெஸ்ட்ல தான் தெரியும். சங்கத்து ஆளு ஒருத்தரு சொல்லலன்னா வெல கம்மின்னு ஒரு காளையோட விந்த வாங்கியிருப்பேன், அதோட பேப்பர்ல டெஸ்ட்டே இல்ல. ரெண்டாவது, ஆஸ்திரேலியாவுல ராக்ஹாம்டன் பிரம்மன் ஏலத்த செப்டம்பர் கடைசியில எல்லாரும் சேர்ந்து போன்ல பாத்தது. அங்க நம்மள விட ரெண்டு மணி நேரம் முந்தி, அதனால இங்க விடிஞ்சும் விடியாம தே தாரிக்கோட உக்காந்தோம். காளை நடந்து வரும்போதே பெரியவரு ஒருத்தரு கால் சரியில்ல, குறியோட உறை ரொம்ப தொங்குது, புல்லுல கிழிச்சிக்கும்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. வருஷ சந்தா அந்த ஒரு காலையிலேயே கழிஞ்சிருச்சு.

பிரயோஜனம் இல்லாததும் சொல்லணும். 200 நாள் எடை, 400 நாள் எடை, 600 நாள் எடைன்னு எல்லாம் அனுப்பினா கம்ப்யூட்டர் கணக்கு போட்டு எந்த மாட்டோட வம்சம் நல்லா வளரும்னு நம்பர் தரும். நல்ல விஷயம்தான். ஆனா ஒரே எடத்துல ஒரே சமயத்துல பொறந்து ஒரே புல்லு மேஞ்ச கன்னுங்களதான் அது ஒண்ணோட ஒண்ண ஒப்பிடும். எங்கிட்ட ஒரு சீசனுக்கு மூணு கன்னு, அதுல ஒண்ணு கிடாரி. மூணு பேரு ஓடுற ரேஸ்ல மொதல்ல வந்தவன பெரிய ஓட்டக்காரன்னு சொல்ற கதைதான். எட்டு பசு வச்சிருக்கிறவன் இந்த நம்பருக்காக சங்கத்துல சேராதீங்க.

இப்ப லெச்சுமி கதை. பேப்பர் உள்ள பசு. ஜனவரி 20ம் தேதி ஆஸ்திரேலியா காளையோட சினை ஊசி போட்டேன், அதாவது நைட்ரஜன் டாங்கில இருந்து எடுத்து வெதுவெதுப்பு தண்ணில வச்சு வெட்டரினர் அண்ணன் போட்டாரு. பிரம்மனுக்கு சுமாரா 290 நாள், நவம்பர் மொத வாரம் கன்னு போடணும். தீபாவளி கழிஞ்சிச்சு, ஒண்ணும் இல்ல. நவம்பர் 29ம் தேதி தான் போட்டுச்சு. மூணு வாரம் லேட். நான் என்னடான்னா பெரிய காளை, பெரிய கன்னு, அதான் வயித்துல கூட நாள் இருந்திருக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். கன்னு செவலையா இருந்துச்சு, சாம்பல் மாட்டுக்கும் பொறக்கும்போது செவப்பு தட்டுறது உண்டுன்னு அதுக்கும் ஒரு சமாதானம். இந்த தடவ வால் முடிய ஒழுங்கா பிடுங்கி அனுப்பினேன்.

ஜனவரியில ரிசல்ட் வந்துச்சு. அப்பன் அவன் இல்ல.

மூணு வாரம்னா என்னன்னு மாடு வச்சிருக்கிறவங்களுக்கு சொல்லத் தேவையில்ல. ஊசியில சினை நிக்கல, 21 நாள்ல மறுபடியும் பருவத்துக்கு வந்திருக்கு, நான் கவனிக்கல, பிப்ரவரியில அந்த வாரம் முழுக்க கொழுந்தியா கல்யாணத்துக்கு அலைஞ்சேன். செம்பனைக்குள்ள ஒரு மலாய்க்காரப் பெரியவரோட, நாங்க பாக்சிக்னு கூப்பிடுவோம், அவரோட கம்பத்துக் காளை ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்கும், செவலை, குட்டையா, கழுத்து மட்டும் தடியா. வேற யாரு? செயலாளர் ஒரே வரி மெசேஜ் அனுப்பினாரு, பதிய முடியாது, பீஸ் திருப்பித் தர மாட்டோம்னு. கோவம் வந்துச்சு, ஆனா யார் மேல படுறது? நான் எழுதிக் குடுத்த தேதிய வச்சிதானே அவங்க சந்தேகமே பட்டாங்க. சர்ட்டிபிகேட்டு மட்டும் குடுத்து டிஎன்ஏ கேக்காத சங்கமா இருந்திருந்தா அந்தக் கன்ன ஆஸ்திரேலியா காளையோட மகன்னு சத்தியம் பண்ணி வித்திருப்பேன், வாங்குனவனும் நம்பியிருப்பான்.

பாக்சிக்கிட்ட சொன்னேன். மனுஷன் வயித்தப் பிடிச்சிக்கிட்டு சிரிச்சாரு, மறுநாள் அரை செம்பெடாக் பழத்தோட வந்து கன்ன தடவிக் குடுத்துட்டு போனாரு.

இந்த வருஷ சந்தா கட்டிட்டேன். அதோட ஒரு நோட்டு புத்தகமும் பழைய வேலிக் கம்பி ரெண்டு சுருளும் வாங்கினேன், பருவத்துக்கு வர்ற பசுவ இனிமே தனியா அடைச்சி வைக்கணும். மாட்டுப் பொங்கலுக்கு பாட்டி கன்னுக்கு மாலை போட்டு பொட்டு வச்சிச்சு. பேப்பர் இல்லாத கன்னு பாட்டின்னேன். "எனக்கு மட்டும் இருந்துச்சா"ன்னு சொல்லிட்டு சக்கரைப் பொங்கல உருண்டை புடிச்சு அது வாயில வச்சிச்சு.