உமிச் சாம்பல் காங்கிரீட்: மோல்மீன் மழையில் பல ஆண்டுப் பயன்பாடு

மியான்மரின் (பர்மாவின்) தென்பகுதிக் கடற்கரை நகரான மோல்மீனில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. சிமெண்டில் 15 விழுக்காட்டைக் குறைத்து, அந்த எடைக்கு உமிச் சாம்பல் சேர்த்த காங்கிரீட்டை எங்கள் வீட்டு முற்றத்திலும், தண்ணீர்த் தொட்டியிலும், கோயில் மடைப்பள்ளியின் கழிவுநீர் வாய்க்காலிலும் போட்டு, பல மழைக்காலங்களாகக் கவனித்து வருகிறேன்.

இங்கே சாம்பலுக்குப் பஞ்சமில்லை. நல்ல சாம்பலுக்குத்தான் பஞ்சம். ஒரு டன் நெல்லில் ஏறத்தாழ 200 கிலோ உமியும், அதை எரித்தால் 40 கிலோ சாம்பலும் கிடைக்கும். அதில் பெரும்பங்கு சிலிக்கா. சிமெண்ட் நீருடன் சேரும்போது வெளிப்படும் சுண்ணாம்போடு அந்தச் சிலிக்கா வினைபுரிந்து பிணைப்பாக மாற வேண்டுமானால், உமி சுமார் 700 பாகை செல்சியசுக்குள் எரிந்திருக்க வேண்டும். வெப்பம் மிகுந்தால் சிலிக்கா படிகமாகி, மணலைப்போல் சும்மா கிடக்கும். வெள்ளைச் சாம்பலே உயர்ந்தது என்று கொத்தனார்கள் சொல்வதுண்டு. ஆனால் நிறம் காட்டுவது கரி எவ்வளவு மிச்சம் என்பதை மட்டுமே. வெளுத்த சாம்பல் அளவுக்கு மீறி வெந்ததாகவும் இருக்கலாம். உமியிலிருந்து எரிவாயு எடுத்து ஓடும் ஆலைகளின் கருஞ்சாம்பலோ கரி மிகுந்தது. தண்ணீரையும், கலவையை இளக்கச் சேர்க்கும் திரவத்தையும் உறிஞ்சிவிடும். அதை நான் தொடுவதில்லை.

சாம்பலை விரலிடுக்கில் தேய்த்தால் நறநறப்பில்லாமல் மாவாக வழுக்கும்வரை அரைக்க வேண்டும். எடை குறைந்து இடத்தை அடைக்கும் பொருள் என்பதால், கூடைக் கணக்கு உதவாது: 42.5 கிலோ சிமெண்டுக்கு 7.5 கிலோ சாம்பல் என்று தராசில் நிறுத்தே போட வேண்டும். கலவை இறுகுகிறதே என்று ஆட்கள் தண்ணீரை ஊற்றத் தொடங்கினால் வலிமை போய்விடும். அதற்கு, தண்ணீரைக் கூட்டாமலே கலவையை இளக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசர் திரவம்தான் வழி. முதல் வாரத்தில் வலிமை மெதுவாகவே ஏறுவதால், ஈரச் சாக்குப் போர்த்தி இரண்டு வாரமாவது நனைத்தே வைக்க வேண்டும். நம் ஊரில் மழையே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

பலன் நன்றாகத் தெரிவது வாய்க்காலில். அன்னதான நாட்களில் சுடுகஞ்சியும் புளித்தண்ணீரும் ஓடியும், அதன் விளிம்பு உதிரவில்லை. அதனோடு ஒட்டியிருக்கும் பழைய சாதாரண காங்கிரீட்டில் ஜல்லி வெளியே தெரிகிறது. தொட்டியின் வெளிச்சுவரிலும் கசிவு இல்லை. முற்றம் மட்டும் கருத்துப்போய், அழுக்கேறியதுபோல் தோன்றுவதாக வீட்டார் குறைப்படுகிறார்கள்; அது நியாயமான குறைதான்.

தொட்டிக் கலவையில் நானோ சிலிக்காத் திரவமும் (மிக நுண்ணிய சிலிக்காத் துகள்கள் கலந்த நீர்) சேர்த்தோம். சிமெண்ட் எடையில் 1 முதல் 3 விழுக்காடு போதும். அது தொடக்க வலிமையின் மந்தத்தைப் பெருமளவு ஈடுகட்டுகிறது. திரவத்திலுள்ள நீரைக் கலவை நீரில் கழித்துக்கொள்ள வேண்டும்; தூளாக வாங்கினால் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். விலையைப் பார்த்தால், சாம்பலால் சிமெண்டில் மிச்சமாகும் பணம் அதிலேயே கரைகிறது. சென்ட்ரிங்கை விரைவில் பிரித்தாக வேண்டிய கூரைத் தளத்துக்கு இன்றும் சாம்பலில்லாத கலவையையே போடுகிறேன். அடித்தளம், வாய்க்கால், தொட்டி ஆகியவற்றுக்கு நானோ சிலிக்கா இல்லாத சாம்பல் கலவையே போதும்.