ரோட்டாரா, பேடா, பிரேக் ஆயிலா? கோல்ஃப் ஜிடிஐ-க்கு முதலில் எதை மாற்றுவது

என்னிடம் இருப்பது ஃபோக்ஸ்வாகனின் ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ கார். பெரிய பிரேக்கோடு வரும் கூடுதல் தொகுப்பான பெர்ஃபார்மன்ஸ் பேக் இல்லாதது. முன்பக்க ரோட்டார், அதாவது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு, 312 மி.மீ. விட்டம், 25 மி.மீ. தடிமன். ஊருக்குள்ளும் ஜெர்மனியின் விரைவுச்சாலையான ஆட்டோபானிலும் அந்த பிரேக்கை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபே பந்தயப் பாதையில், ஓய்வில்லாமல் ஓட்டிய இரண்டாவது சுற்றில்தான் பிரச்சினை வந்தது. ஃபுக்ஸ்ரோரே பள்ளத்தில் இறங்கி ஏறி, அடேனவர் ஃபோர்ஸ்ட் வளைவுக்காக மிதித்தேன். பெடல் பஞ்சை மிதித்ததுபோலப் பாதிக்கும் கீழே போய்விட்டது. காலைத் தூக்கி மறுபடி மிதித்த பிறகுதான் பிடித்தது. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. நிறுத்துமிடத்துக்கு வந்து சேர்ந்தும் வெகுநேரம் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அன்று இரவே துளை போட்ட ரோட்டார்களைத் தேட ஆரம்பித்தேன். சக்கரத்தின் இடைவெளியில் கண்ணுக்குத் தெரிவது ரோட்டார்தானே, மனசும் அங்கேதான் போகும். நல்லவேளை, வாங்குவதற்கு முன் ஒரு மெக்கானிக் கேட்டார்: “பெடல் மெத்தென்று இறங்கியதா, இல்லை கல்லாக நின்றதா?” இந்த அலசல் முழுக்க அந்த ஒரு கேள்வியிலிருந்து வருகிறது.

பெடல் மெத்தென்று தரைவரை போனால், பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். உங்கள் காலின் அழுத்தம் ரோட்டாரைக் கவ்வும் காலிப்பருக்குப் போகாமல் அந்தக் குமிழிகளை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. பெடல் கெட்டியாக நின்றும் வண்டி வேகம் குறையவில்லை என்றால், ரோட்டாரை உரசி நிறுத்தும் கட்டையான பேட் தன் சூட்டு எல்லையைத் தாண்டி உராய்வை இழந்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. எது நடந்தது என்று தெரியாமல் காசு செலவழிக்காதீர்கள்.

சூடு எவ்வளவு என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுநரோடு சேர்த்து வண்டி 1,450 கிலோ. மணிக்கு 180 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்குக் குறைத்தால் சுமார் 14.5 லட்சம் ஜூல் ஆற்றலை எங்காவது கொட்டியாக வேண்டும். அதில் 70% முன் பிரேக்குக்கு என்றால், ஒரு ரோட்டாருக்கு 5 லட்சம் ஜூல். ரோட்டாரின் எடையை 8 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரே மிதியில் அதன் சூடு 120 டிகிரிக்கு மேல் ஏறும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். நார்ட்ஷ்லைஃபே ஒரு சுற்று 20.8 கி.மீ., நன்றாகக் காற்றுப் பட்டு ஆறும் நீண்ட நேர்ச்சாலையான டோட்டிங்கர் ஹோஹே வருவதோ கடைசியில்.

பெர்ஃபார்மன்ஸ் பேக் இல்லாத ஜிடிஐ-யில் இன்னொரு சங்கதி உண்டு. வளைவில் உள்பக்க முன்சக்கரம் சுழன்றுபோகாமல் இருக்க, எக்ஸ்டிஎஸ் என்ற ஏற்பாடு அந்தச் சக்கரத்தின் பிரேக்கைத் தானாகவே பிடிக்கிறது. நீங்கள் ஆக்ஸிலேட்டரில் கால் வைத்திருக்கும்போதும் பேட் சூடாகிக்கொண்டுதான் இருக்கிறது. பெர்ஃபார்மன்ஸ் பேக் வண்டியில் அந்த வேலையின் பெரும்பகுதியை முன்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் இருக்கும் கிளட்ச் பார்த்துக்கொள்கிறது.

முதல் வழி: ஆயில் மட்டும்

டாட் 4 என்ற தரத்தில் வரும் சாதாரண பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது புது ஆயிலுக்கு. இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. 3.7% தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்கிறது அதே விதி. என் வண்டியில் இருந்தது மூன்று வருடப் பழைய ஆயில். அது கொதித்ததில் ஆச்சரியமே இல்லை, தவறு என்னுடையது.

இங்கே போட்டி இரண்டு வகைக்குத்தான். ஆட்டே டைப் 200 போன்றது புதிதாக 280 டிகிரியும் ஈரமேறிய பிறகு 198 டிகிரியும் தாங்கும். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற பந்தய ஆயில் புதிதாக 312 டிகிரி வரை போகும். எண்ணைப் பார்த்தால் இரண்டாவதுதான் கவர்கிறது. ஆனால் வருடம் முழுக்க ஓட்டும் வண்டிக்கு நான் முதலாவதையே சொல்வேன். பந்தய ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டும், அதோடு இந்த வகை ஆயில்கள் கடுங்குளிரில் கெட்டியாகும். ஃபோக்ஸ்வாகன் கேட்பது குளிரிலும் தண்ணீர்போல ஓடும் ஆயில், வண்டி சறுக்காமல் காக்கும் ஈஎஸ்பி ஏற்பாட்டின் வால்வுகள் சட்டென்று வேலை செய்வதற்காக. டைப் 200 கூட அந்த அளவுக்கு நீர்த்ததில்லை என்பதை அறிந்தே போட்டேன். ஒரு டேங்க் பெட்ரோலைவிடக் குறைந்த செலவு. ஆயிலை மாற்றிவிட்டு மறுபடி போனபோது பெடல் கடைசிவரை கெட்டியாகவே நின்றது.

ஆனால் மூன்றாவது சுற்றில் பேட் கைவிட்டது. இந்த முறை கல்லாக நின்ற பெடல்.

இரண்டாம் வழி: பேட்

என் கணக்கில் காசுக்கு அதிகப் பலன் இங்கேதான். கம்பெனி பேட் குளிரில் நன்றாகப் பிடிக்கும், சத்தம் போடாது. தினசரி ஓட்டத்துக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை. நான் ஒப்பிட்டது இபிசி யெல்லோஸ்டஃப், ஃபெரோடோ டிஎஸ்2500 இரண்டையும்.

டிஎஸ்2500 பேடின் உராய்வு எண் சுமார் 0.42. இதன் அழகே அந்த எண் சூடு ஏறினாலும் பெரிதாக அசையாததுதான். காலை எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு பிடிக்கும், கூடவும் இல்லை குறையவும் இல்லை. மழையில் வளைவுக்குள் பிரேக்கை மெல்ல விட்டுக்கொண்டே திரும்பும்போது அந்த நம்பிக்கைக்கு விலையே கிடையாது. யெல்லோஸ்டஃப் முதல் தொடலிலேயே வெடுக்கென்று பிடிக்கிறது. சிலருக்கு அது பிடிக்கும். எனக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் தேவைக்கு முன்பே துடிப்பதுபோல இருந்தது.

அப்படியானால் டிஎஸ்2500-தானே? ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு அது அவ்வளவு எளிதில்லை. சாலையில் ஓடும் வண்டியின் மாற்று பேடுக்கு இசிஇ ஆர்90 என்ற தர ஒப்புதல் வேண்டும். யெல்லோஸ்டஃபுக்குப் பல கார்களில் அது உண்டு, டிஎஸ்2500 பந்தயத்துக்கென்று விற்கப்படுவது. ஒப்புதல் இல்லாத பேடைப் போட்டால் வண்டியின் சாலை அனுமதியே செல்லாமல் போகலாம். பொதுமக்கள் ஓட்டும் நாட்களில் நார்ட்ஷ்லைஃபேவும் சுங்கம் கட்டிப் போகும் ஒருவழிச் சாலைதான், சாலை விதிகள் அங்கேயும் உண்டு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர் மறக்கமாட்டார். அதனால் சாலை வண்டிக்கு ஆர்90 முத்திரையுள்ள பேட், மூடிய டிராக் நாளுக்கு மட்டும் டிஎஸ்2500 என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

முழுப் பந்தய பேட் சாலைக்கு வேண்டவே வேண்டாம். பல வகைகள் குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்காது. காலையில் முதல் சிக்னலில் ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்தால் என்ன செய்வது?

மூன்றாம் வழி: ரோட்டாரின் முகம்

வெற்று முகம், கோடு போட்டது, துளையிட்டது என்று மூன்று. சூட்டை வாங்கிக்கொள்வது இரும்பின் எடை. துளை போட்டால் அந்த எடையில் கொஞ்சம் போய்விடுகிறது. பழைய காலத்து பேடிலிருந்து வரும் வாயு வெளியேறத் துளை உதவியது. இன்றைய பேடுக்கு அந்தத் தேவை மிகக் குறைவு. கூடவே, சூடும் குளிருமாக மாறி மாறி வரும்போது விரிசல் முதலில் விழுவது துளையின் ஓரத்தில்தான். போர்ஷே தன் பல கார்களுக்குத் துளையிட்ட ரோட்டாரே கொடுக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அவற்றை டிராக்கில் ஓட்டுபவர்களும் துளையோரத்தில் விரிசல் நீளுகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். கோடு போட்டது பேடின் முகத்தைச் சுரண்டிச் சுத்தமாக வைக்கும், மழைநீரையும் வழிக்கும். பதிலுக்கு பேட் சீக்கிரம் தேயும், அழுத்தி மிதித்தால் ஒரு உறுமல் கேட்கும்.

312 அளவிலேயே இருக்கப்போகிறீர்கள் என்றால் நல்ல வெற்று ரோட்டார் போதும். தேய்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டலாம், விலை மனசை உறுத்தாது.

நான்காம் வழி: 340-க்கு மாறுவது

பெர்ஃபார்மன்ஸ் பேக் ஜிடிஐ-யிலும் கோல்ஃப் ஆர்-இலும் வருவது 340 மி.மீ., 30 மி.மீ. தடிமன். காலிப்பரும் அதன் தாங்கியும் சேர்த்து மாற்ற வேண்டும், ஆனால் கம்பெனிப் பாகங்களே பொருந்துகின்றன. ரோட்டாரின் எடை கால்பங்கு கூடினால், மேலே போட்ட கணக்கில் ஒரு மிதிக்கு ஏறும் சூடு 100 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். ஆரம் கூடுவதால் அதே கால் அழுத்தத்துக்குப் பிடிப்பும் சுமார் 10% கூடும். 18 அங்குலச் சக்கரம் இருந்தால் கவலையில்லை. 17 என்றால் இடம் இருக்கிறதா என்று முதலில் மாட்டிப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஒரே ஒரு அவசர பிரேக்கில் நிற்கும் தூரம் இதனால் குறையாது. உங்கள் பழைய பிரேக்கே ஏபிஎஸ்ஸைத் துடிக்க வைக்கிறது என்றால், எல்லை டயரிடம் இருக்கிறது. பெரிய ரோட்டார் தருவது ஐந்தாவது, பத்தாவது மிதியிலும் முதல் மிதி போன்ற பிடிப்பை.

ஆறு பிஸ்டன் காலிப்பரும் அலுமினிய நடுப்பகுதியுள்ள இரண்டு துண்டு ரோட்டாரும் கொண்ட கிட்கள் அருமையான பொருட்கள். சக்கரத்தோடு சுழலும் எடை குறையும், வெளி வளையம் சூட்டில் தாராளமாக விரியும். ஆனால் ஒரு ஜிடிஐ-க்கு அவ்வளவு செலவு எனக்கு நியாயமாகப் படவில்லை. கார்பன் செராமிக் இந்தப் பேச்சிலேயே சேராது. போர்ஷே ஜிடி3 வைத்திருக்கும் சிலரே டிராக்குக்கு இரும்பு ரோட்டார் மாட்டிக்கொள்கிறார்கள்.

நான் செய்தது: ஆயில், ஆர்90 பேட், கடைசியாகக் கம்பெனி 340 செட், வெற்று ரோட்டாரோடு. இதே வரிசையில், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் ஓட்டிப் பார்த்து. வருடத்துக்கு இரண்டு முறைதான் டிராக் பக்கம் போவீர்கள் என்றால் இரண்டாவதோடு நிறுத்திவிடலாம்.

எதை மாட்டினாலும் முதல் நாள் பதப்படுத்துவதை விட்டுவிடாதீர்கள். காலியான சாலையில் மணிக்கு 100-லிருந்து 20 வரை எட்டுப் பத்து முறை அழுத்தமாகக் குறையுங்கள், முழுக்க நிற்காமல். பேடின் மெல்லிய படலம் ரோட்டார் முகத்தில் சீராகப் படிய வேண்டும். சூடான பேடை ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டு நின்றால் படலம் திட்டாக ஒட்டும், பிறகு ஸ்டியரிங் உதறும். ரோட்டார் வளைந்துவிட்டது என்று பலர் சொல்வது பெரும்பாலும் இந்தத் திட்டுகளைத்தான். டிராக்கிலிருந்து வந்ததும் அதே காரணத்துக்காக எலக்ட்ரிக் கைப்பிரேக்கைப் போடாமல், கியரில் விட்டு, பின்சக்கரத்துக்குக் கீழே ஒரு மரக்கட்டையைச் செருகுகிறேன். கட்டை எப்போதும் டிக்கியில் இருக்கிறது.