பிரிட்டன் பென்ஷன்: ட்ரிபிள் லாக்கா, ஊதிய இணைப்பா, வருமானச் சோதனையா?

பிரிட்டனில் அரசு பென்ஷன் அரசு ஊழியர்களுக்கு மட்டும் உரியதல்ல. நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகக் காப்பீட்டுச் சந்தா கட்டியவர்கள் எல்லோருக்கும் உண்டு. முழுத் தொகை வேண்டுமென்றால் 35 ஆண்டுக் கணக்கு இருக்க வேண்டும். 10 ஆண்டுக்குக் குறைந்தால் பொதுவாக எதுவும் கிடைக்காது. 2025-26இல் முழுத் தொகை வாரம் 230.25 பவுண்டு. இந்தப் பென்ஷனுக்கு மட்டும் நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 5 சதவீதம் போகிறது. இதை எப்படி உயர்த்துவது, யாருக்குத் தருவது என்பதில்தான் தகராறு.

இப்போது இருப்பது ட்ரிபிள் லாக். விலைவாசி உயர்வு, சராசரி ஊதிய உயர்வு, 2.5 சதவீதம் ஆகிய மூன்றில் எது அதிகமோ, அந்த அளவுக்கு ஆண்டுதோறும் பென்ஷன் கூடும். 2010இல் வந்த கூட்டணி அரசு கொண்டுவந்த ஏற்பாடு இது. அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. தாட்சர் ஆட்சி 1980இல் ஊதியத்தோடு இருந்த இணைப்பை வெட்டி, விலைவாசியை மட்டும் அளவுகோலாக்கியது. நாடு வளர வளர, முதியவர்கள் பின்தங்கிப் போனார்கள். 2000ஆம் ஆண்டில் வாரத்துக்கு வெறும் 75 பென்ஸ் உயர்த்தியபோது எழுந்த கோபம் இன்னும் அரசியல்வாதிகளுக்கு மறக்கவில்லை. விலைவாசியை மட்டும் பார்க்கும் வழிக்குத் திரும்பலாம் என்று இன்றைக்கும் சொல்பவர்கள் அந்த 20 ஆண்டுகளை ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும்.

ஆனால் ட்ரிபிள் லாக்கிலும் ஒரு கோளாறு இருக்கிறது. விலைவாசி எகிறும் ஆண்டில் ஊதியம் பின்தங்கும். அடுத்த ஆண்டு ஊதியம் அதை எட்டிப் பிடிக்கும். பென்ஷனோ இரண்டு ஏற்றத்தையும் வாங்கிக்கொள்ளும். 2023 ஏப்ரலில் விலைவாசியைப் பார்த்து 10.1 சதவீதம், 2024 ஏப்ரலில் ஊதியத்தைப் பார்த்து 8.5 சதவீதம். ஏறியது இறங்குவதில்லை. ட்ரிபிள் லாக்கால் கூடும் செலவு 2029-30இல் ஆண்டுக்கு 15.5 பில்லியன் பவுண்டாக இருக்கும் என்பது பட்ஜெட் கண்காணிப்பு அமைப்பான ஓபிஆரின் கணிப்பு. தொடக்கத்தில் நினைத்ததைப்போல மூன்று மடங்கு.

சரி, பணக்காரர்களுக்கு எதற்கு, ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா? ஆஸ்திரேலியாவில் முதியோர் பென்ஷன் வருமானத்தையும் சொத்தையும் பார்த்துத்தான் தரப்படுகிறது. கேட்க நியாயமாக இருக்கும் இந்த வழியை பிரிட்டன் 2024 குளிர்காலத்தில் சிறிய அளவில் சோதித்துப் பார்த்தது. எல்லா முதியவர்களுக்கும் கிடைத்துவந்த 200 அல்லது 300 பவுண்டு குளிர்கால எரிபொருள் உதவியை (வீட்டைச் சூடாக்கும் செலவுக்கானது), வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசு தரும் கூடுதல் தொகையான பென்ஷன் கிரெடிட் போன்ற உதவி வாங்குபவர்களுக்கு மட்டும் என்று நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் சுருக்கினார்.

அந்த ஆண்டு, தனியாக இருப்பவருக்குப் பென்ஷன் கிரெடிட் வரம்பு வாரம் 218.15 பவுண்டு. முழு அரசு பென்ஷன் 221.20. அதாவது, அரசு பென்ஷனைத் தவிர வேறு வருமானமே இல்லாத ஒருவர், வாரத்துக்கு 3 பவுண்டு 5 பென்ஸ் கூடுதலாக வாங்கியதால், 200 பவுண்டையும் மொத்தமாக இழந்தார். இன்னொரு பக்கம், பென்ஷன் கிரெடிட்டுக்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவர்கள் பல லட்சம் பேர். விண்ணப்பத்தில் 200க்கும் மேற்பட்ட கேள்விகள்! போதாக்குறைக்குக் கையேந்துகிறோமே என்ற கூச்சம் வேறு. 2025 ஜூனில் அரசு பின்வாங்கியது. ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ளவர்களுக்கு உதவி திரும்பியது. வருமானச் சோதனை என்றால் நடைமுறையில் இதுதான். கோட்டுக்கு ஒரு அடி அந்தப் பக்கம் நிற்பவர்தான் அடிபடுகிறார்.

ஓய்வு வயதைத் தள்ளிப்போடுவது இன்னொரு வழி. 2026 ஏப்ரலிலிருந்து அது 66லிருந்து 67ஐ நோக்கி நகர்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர ஆண்களின் சராசரி ஆயுள் தென் இங்கிலாந்தின் வசதியான ஊர்களைவிடப் பல ஆண்டுகள் குறைவு. உடலால் உழைத்தவரின் பென்ஷன் காலத்தைத்தான் இது முதலில் தின்னும்.

என் தேர்வு இதுதான்: பென்ஷன் எல்லோருக்கும் இருக்கட்டும், அதைச் சராசரி ஊதியத்தோடு இணைக்கட்டும். விலைவாசி முந்தும் ஆண்டில் விலைவாசிக்கு ஈடாக உயர்த்திவிட்டு, ஊதியம் எட்டிப் பிடிக்கும் ஆண்டில் அதைக் கழித்துக்கொள்ளலாம். வசதியானவர்களிடமிருந்து திரும்ப வாங்க வரி இருக்கவே இருக்கிறது. ஆண்டுக்கு 30,000 பவுண்டு சம்பாதிக்கும் இளைஞர் வருமான வரியோடு நேஷனல் இன்சூரன்ஸாகவும் சுமார் 1,394 பவுண்டு கட்டுகிறார். பென்ஷன்கள் மூலம் அதே 30,000 வாங்கும் முதியவர் வருமான வரி மட்டும்தான் கட்டுகிறார். வாடகை கொடுத்துக் குழந்தை வளர்ப்பவர் கட்டுவதை, சொந்த வீட்டில் கடனின்றி இருப்பவர் ஏன் கட்டக் கூடாது? குறைந்த வருமானக்காரர்களைத் தொடாமல், வரம்பை மேலே வைத்து இதைத் தொடங்கலாம். விண்ணப்பப் படிவம் தேவையில்லை, கூச்சமும் இல்லை. வரித் துறையிடம் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது.

அப்புறம், இந்த விவாதம் தொடாத ஒரு கூட்டம் உண்டு. லண்டனில் 35 ஆண்டு உழைத்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ திரும்பிப் பென்ஷன் வாங்குபவருக்கு ஆண்டு உயர்வு எதுவும் கிடையாது. தொகை அப்படியே உறைந்துவிடும். அதே ஆள் அமெரிக்காவில் போய்க் குடியேறினால் உயர்வு உண்டு. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், ஒரே அளவு கட்டியவர்களுக்குள் இந்தப் பாகுபாடு முதலில் ஒழிய வேண்டும்.