தங்கமா, பாலிடோபமினா?
லேசர் ஒளியை உறிஞ்சி சூடாகற நுண்துகள்களை வெச்சு கேன்சர் கட்டியை கருக்கற வேலைக்கு, தங்கம், பாலிடோபமின்னு ரெண்டு பொருள் இருக்கு. இதுல மனுஷங்ககிட்ட ஓடிக் காட்டினது தங்கம்தான். ஒவ்வொரு துகள்லயும் நடுவுல சிலிக்கா (மணல்ல இருக்கற பொருள்) உருண்டை, மேல மெல்லிசா தங்க முலாம், மொத்தமே சுமார் 150 நானோமீட்டர். 2019ல வந்த அமெரிக்க ட்ரையல் ரிப்போர்ட்படி ப்ராஸ்டேட் கேன்சர்காரங்க 16 பேர்ல 15 பேருக்கு ட்ரீட்மென்ட் சரியா முடிஞ்சுது. ஆனா தங்கம் கரையாது, கல்லீரல்லயும் மண்ணீரல்லயும் ரொம்ப நாள் தங்கிடும் (பேருக்கேத்த மாதிரி!).

பாலிடோபமின் நம்ம முடிக்கு நிறம் தர்ற மெலனினுக்கு சொந்தக்காரப் பொருள். டோபமின் பொடியை லேசா காரத்தன்மை (ஆல்கலைன்) உள்ள தண்ணில போட்டு காத்து பட கலக்கிட்டே இருந்தா போதும், தெளிஞ்ச தண்ணி டிக்காஷன் கலராகி அப்புறம் கருத்துடும். சீப், உடம்புல மெல்ல சிதையவும் செய்யும், இரும்பை பிடிச்சுக்கறதால எம்ஆர்ஐ ஸ்கேன்ல பாக்கவும் வழி இருக்கு. என்ன, இன்னும் பெரும்பாலும் எலி லெவல்லதான் நிக்குது. எனக்கு இன்னைக்கு நம்பிக்கை தங்கத்து மேல, ஆசை இது மேல.