தேதியைத் தானே தள்ளிப்போடும் வாடகை மென்பொருள்: வேலூரில் கட்டிடம் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

வாடகைக் கணக்கு பார்க்கும் மென்பொருள் ஒன்றை வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் வீடு வீடாக வந்து விற்கிறார்கள். "அக்ரிமெண்ட் தேதியை நீங்க பார்க்கவே வேணாம் சார், அதுவே அப்டேட் ஆயிடும்" என்பதுதான் முதல் பேச்சு. எங்களிடமும் 2023இல் இதைச் சொல்லித்தான் விற்றார்கள். அதுவே அப்டேட் ஆனது என்னவோ உண்மைதான். ஆன விதம்தான் பிரச்சினை. வழக்கறிஞர் வேண்டாம் என்றதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. ஆனால் கீழே சொல்லும் கோளாறு எந்த மென்பொருளிலும் இருக்கலாம், எனவே பெயர் தெரிந்து பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை.

எங்களுடையது அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து வைத்திருக்கும் குடும்பச் சொத்து. லாங் பஜாரில் கடைகள், காட்பாடி காந்தி நகரில் விஐடி மாணவர்களுக்கு விடும் வீடுகள், தோட்டப்பாளையத்தில் சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வரும் வங்காளக் குடும்பங்கள் மாதக் கணக்கில் தங்கும் அறைகள், பேரணாம்பட்டில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் ஒரு யூனிட்டுக்கு விட்ட ஷெட். ஒவ்வொன்றுக்கும் கெடு வேறு. மாணவர் வீடு பதினோரு மாத ஒப்பந்தம். கடை மூன்று வருடம், பதிவு செய்தது. சித்தப்பாவின் மாடி வீடு போக்கியம்: மாத வாடகை கிடையாது, வாங்கிய மொத்தத் தொகையை முடிவில் திருப்பித் தரவேண்டும். இத்தனையையும் ஒரே திரையில் பார்க்கலாம் என்றதும் வருடம் 18,000 ரூபாய் அதிகமாகத் தெரியவில்லை. பழைய எக்செல் தாளிலிருந்து விவரங்களை ஏற்ற அவர்களே ஆள் அனுப்பினார்கள், அதற்குத் தனிக் கட்டணம்.

இனி லாங் பஜார் கடை ஒன்றுக்கு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் மொத்த ஏமாற்றும் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஒப்பந்தம் தொடங்கியது 01.06.2021. முடிவு 31.05.2024. புதுப்பிப்பதானால் வாடகை 15 சதவீதம் ஏறும், இரண்டு மாதம் முன்பே இரு தரப்பும் எழுத்தில் சொல்லிவிட வேண்டும் என்பது ஷரத்து. நம் ஊர் வழக்கப்படி எக்செலில் நாள் முதலில், மாதம் அடுத்து. அவர்களுடைய மென்பொருளோ மாதத்தை முதலில் படிக்கிறது. அதனால் ஜூன் 1 என்பது ஜனவரி 6 ஆகிவிட்டது. முடிவுத் தேதியில் 31 என்று ஒரு மாதம் கிடையாது அல்லவா, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டது. பிழை என்று சொல்லவில்லை. காலியாக இருந்தால் தொடக்கத்திலிருந்து பதினோரு மாதம் என்று தானே நிரப்பிக்கொள்ளும் வழக்கம் அதற்கு. ஆக, முடிவு 05.12.2021 ஆனது. அது ஏற்கெனவே கடந்துபோன தேதி. அங்கேதான் 'தானியங்கிப் புதுப்பிப்பு' வேலை செய்கிறது: தேதி கடந்தால் இன்னொரு பதினோரு மாதம் தள்ளு. 05.11.2022, அப்புறம் 05.10.2023, அப்புறம் 05.09.2024, அப்புறம் 05.08.2025. யாரையும் கேட்பதில்லை. வாடகையும் பழையதே.

இதனால் எந்த ஒப்பந்தமும் அந்தத் திரையில் முடிந்துபோனதாகவே தெரியாது. எப்போது திறந்தாலும் எல்லாம் பச்சை. விற்க வந்தவர் அந்தப் பச்சையைக் காட்டித்தான் விற்றார்.

2025 பிப்ரவரியில் வருமான வரிக் கணக்குக்காக அப்பா பத்திரத்தை வெளியே எடுத்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. 22,000 ரூபாய் வாடகை 2024 ஜூனிலிருந்து 25,300 ஆகியிருக்க வேண்டும். ஒன்பது மாதத்துக்கு 29,700 ரூபாய் போயிருந்தது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. "இன்னா சார், மாசா மாசம் உங்க பேர்ல ரசீது வருது, அதுல 22,000னுதானே போட்டிருக்கு" என்றார். அந்த ரசீதும் மென்பொருள் தானாக அனுப்பியதுதான். ஒப்பந்தம் முடிந்த பிறகும் வாடகைதாரர் இருந்து, உரிமையாளர் வாடகையை வாங்கிக்கொண்டால் குத்தகை தொடர்வதாகவே சொத்து மாற்றச் சட்டத்தின் 116ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். நாங்கள் கையெழுத்துப் போடாமலே நமக்கு எதிரான சாட்சி மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது. பழைய பாக்கியை விட்டுவிடுகிறோம், இனி புது வாடகை என்று பேசி முடித்தோம். அவரும் நல்ல மனிதர், பத்து சதவீதத்துக்கு ஒத்துக்கொண்டார்.

பேரணாம்பட்டு ஷெட்டில் வேறு விதமாக இடித்தது. அந்த இடம் எங்களுக்கே தேவைப்பட்டது. ஒப்பந்தத்தில் முன்னறிவிப்பு எத்தனை நாள் என்று எழுதவில்லை. மென்பொருள் எல்லா இடத்துக்கும் 30 நாள் என்று வைத்திருந்தது, அதன்படி நோட்டீஸ் கொடுத்தோம். "பாய், சட்டம் ஒரு தடவை பாத்துக்கோங்க, எங்க வக்கீல் வேற சொல்றார்" என்று யூனிட்காரர் மரியாதையாகவே சொன்னார். வேறு ஏற்பாடு எழுதப்படாவிட்டால், உற்பத்திக்காக விட்ட இடத்துக்கு ஆறு மாத முன்னறிவிப்பு, மற்றவற்றுக்கு 15 நாள். அதே சட்டத்தின் 106ஆம் பிரிவு. தோல் தொழில் இத்தனை ஊரில் நடக்கும் மாவட்டத்தில் விற்கும் மென்பொருளுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? இடத்தின் உபயோகம் என்ன என்று கேட்கும் கட்டமே அதில் இல்லை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 22.02.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை அதிகாரியிடம் ஒப்பந்தத்தைப் பதிந்த எண்ணைக் குறிக்கவும் அதில் இடமில்லை. சித்தப்பாவின் போக்கிய வீட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்: மாத வாடகை பூஜ்யம் என்பதால் 'காலி வீடு' என்று காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு குடும்பம் இருக்கிறது, அவர்களுக்கு லட்சக்கணக்கில் திருப்பித் தரவேண்டிய நாள் நெருங்குகிறது!

எஸ்எம்எஸ் நினைவூட்டல் ஏன் வரவில்லை என்று கேட்டோம். திரையில் 'அனுப்பப்பட்டது' என்று இருந்தது. யாருடைய போனுக்கும் வந்து சேரவில்லை. துருவிக் கேட்டபோது, செய்தியின் வாசகத்தை டிஎல்டியில் (நிறுவனங்கள் எஸ்எம்எஸ் அனுப்பப் பதிய வேண்டிய தளம்) பதிவு செய்யவில்லை என்றார் அவர்களின் தொழில்நுட்ப ஆள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைக்குப் பிறகு நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸின் அனுப்புநர் பெயரும் வாசகமும் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொலைபேசி நிறுவனம் தடுத்துவிடும். அது அவர்கள் செய்திருக்க வேண்டிய வேலை. வேடிக்கை என்னவென்றால், அவர்களுடைய 18,000 ரூபாய்ச் சந்தாவுக்கான நினைவூட்டல் மட்டும் ஒரு நாள் கூடத் தவறியதில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பேச்சு மாறியது. முதலில் "அடுத்த அப்டேட்டில் சரியாயிடும்". பிறகு, தானியங்கிப் புதுப்பிப்பு என்பது ஒரு வசதி, அது நிபந்தனைப் பக்கத்தில் எழுதியிருக்கிறது, அணைத்து வைத்திருக்கலாமே என்றார்கள். எங்கே அணைப்பது என்று கேட்டால், அந்தப் பொத்தான் அதிக விலைத் திட்டத்தில்தான் இருக்கிறதாம். சரி, எங்கள் விவரங்களையாவது கொடுங்கள் என்றோம். பிடிஎஃப் ஆகத்தான் வரும், எக்செல் வேண்டுமென்றால் மறுபடி தனிக் கட்டணம். இரண்டு வருட ரசீதுகளைப் பிடிஎஃப் பார்த்துக் கையால் அடித்துக்கொண்டிருக்கிறாள் என் தங்கை.

சத்துவாச்சாரி நீதிமன்றத்தில் இருக்கும் எங்கள் வழக்கறிஞர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றார், ஒரு எச்சரிக்கையோடு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வணிக நோக்கத்துக்காக வாங்கிய சேவைக்கு அங்கே இடமில்லை. சொந்த உழைப்பில் பிழைப்புக்காகச் செய்யும் தொழில் என்றால் விலக்கு உண்டு. குடும்பச் சொத்தின் வாடகை எந்தப் பக்கம் வரும் என்று எதிர்த் தரப்பு கட்டாயம் வாதாடும். சாதகமான விஷயம், நிறுவனம் சென்னையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு வருடத்துக்குள். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டோம். நிறுவனத்திலிருந்து பதில் வரவில்லை.

இப்படி எதையாவது வாங்கப்போகிறவர்கள், விற்பவர் உட்கார்ந்திருக்கும்போதே அவர் முன்னால் செய்து பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். போன மாதமே முடிந்துவிட்ட ஒரு ஒப்பந்தத்தை உள்ளே போடச் சொல்லுங்கள். சிவப்பாகி, நீங்கள் முடிவு சொல்லும்வரை அப்படியே நின்றால் நல்ல மென்பொருள். தானே முன்னால் நகர்ந்தால் ஆளை அனுப்பிவிடுங்கள். பிறகு, நடப்பில் உள்ள ஒப்பந்தம் ஒன்றின் முடிவை ஆறு மாதம் நீட்டச் சொல்லுங்கள். முன்னறிவிப்புத் தேதியும் வாடகை ஏறும் தேதியும் கூடவே நகர வேண்டும். பல மென்பொருள்கள் முடிவுத் தேதியை மட்டும் மாற்றிவிட்டு, நினைவூட்டலைப் பழைய தேதியிலேயே விட்டுவிடுகின்றன. உண்மையில் தானாக அப்டேட் ஆகவேண்டியது அதுதான். பத்திரத்தில் இருக்கும் தேதி மனிதர் கை வைத்தால்தான் மாறவேண்டும், அதிலிருந்து கணக்கிடும் கெடுக்கள் தாமாக மாறவேண்டும். இவர்கள் இதைத் தலைகீழாகச் செய்திருந்தார்கள். தேதி போடும்போது 31 மே 2024 என்று மாதத்தின் பெயரோடு போட்டுப் பாருங்கள், எக்செலாக வெளியே எடுக்க முடியுமா என்பதையும் அங்கேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு நாங்கள் எக்செலுக்கே திரும்பிவிட்டோம். ஈடேட் (EDATE) என்ற சூத்திரம் மாதங்களைச் சரியாகக் கூட்டிவிடும், ஆகஸ்ட் 31க்கு ஆறு மாதம் கூட்டினால் பிப்ரவரி கடைசி நாளில் ஒழுங்காக நிற்கும். தொடக்கத் தேதியோடு மாதங்களைக் கூட்டி ஒரு நாள் கழித்தால் முடிவுத் தேதி. அதிலிருந்து முன்னறிவிப்பு மாதங்களைக் கழித்தால் கெடு. ஒவ்வொரு வரியிலும் எந்தப் பிரிவு, எந்த ஷரத்து என்று ஒரு குறிப்பு. அவ்வளவுதான், செலவு ஒன்றுமில்லை.

ஏற்கெனவே சந்தா கட்டி மாட்டிக்கொண்டவர்கள், கார்டில் தானாகப் பிடிக்கும் அனுமதியை வங்கியின் செயலியிலேயே ரத்து செய்துவிடுங்கள், நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது தகவல் வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி, அந்தத் தகவல் வந்த அன்றே செய்யலாம். ஆனால் ரத்து செய்வதற்கு முன்னால் திரையில் தெரியும் தேதிகளையெல்லாம் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கணக்கில் நாங்கள் சந்தாவை நிறுத்தியதும் உள்ளே போகும் வழியையே அடைத்துவிட்டார்கள். அந்த 05.08.2025 தெரியும் படம் அப்பாவின் போனில் இருந்ததால்தான் புகாரோடு இணைக்க ஏதோ ஒன்று கிடைத்தது.