மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம்: ஆறு வயது வரை பயன்படுத்திய அனுபவம்

என் மகளுக்குப் பெருமூளை வாதம். கூடவே வலிப்பும் பார்வைச் சிக்கலும் உண்டு. தலை நிற்பது முதல் பேச்சு வரை எல்லாவற்றிலும் தாமதம். கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து எங்கள் மாவட்ட அரசு மருத்துவமனை வளாகத்தில், வளர்ச்சித் தாமதம் உள்ள சிறு குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குத்தான் அழைத்துச் செல்கிறேன். 2013-இல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தின் கீழ் இயங்கும் மையம் இது. கட்டணம் கிடையாது. குழந்தை மருத்துவர், இயன்முறை சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர் எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்க முடிவது பெரிய ஆறுதல்.

அங்கே முதலில் செய்தது பயிற்சி அல்ல, கண்ணையும் காதையும் பார்த்தது. தூங்கவைத்து எடுக்கும் பெரா என்ற செவிச் சோதனையில் காது நன்றாக இருப்பது தெரிந்தது. கண்ணிலும் குறையில்லை; கண் அனுப்புவதை மூளை வாங்கிக்கொள்வதில்தான் தடை என்றார்கள். கறுப்புத் துணி விரித்து அதில் மஞ்சள் பந்து ஒன்றை மட்டும் வைக்கச் சொன்னார்கள். வண்ண வண்ணமாகப் பொம்மைகளைக் குவித்தபோது எதையும் பார்க்காதவள், அந்தப் பந்தின் பக்கம் தலையைத் திருப்பினாள். இந்தச் சோதனைகளைத் தள்ளிப்போடும் பெற்றோரைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. எதைப் பார்க்கிறாள், எதைக் கேட்கிறாள் என்று தெரியாமல் எந்தப் பயிற்சியை நடத்துவது?

அடுத்தது சாப்பாடு. மடியில் சாய்த்து ஊட்டும்போதெல்லாம் இருமுவாள், அடிக்கடி சளி பிடிக்கும். இடுப்பும் முட்டியும் மடங்கி, பாதம் தரையில் ஊன்றி, மோவாய் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி உட்காரவைத்து, கேழ்வரகுக் கஞ்சியைக் கெட்டியாக்கி, கரண்டியைக் கீழிருந்து கொண்டுபோகக் கற்றுக்கொடுத்தார்கள். சிகிச்சையாளர் ஊட்டிக் காட்டவில்லை. “நீங்கள் ஊட்டுங்கள் அம்மா, நான் பார்க்கிறேன்” என்று பக்கத்தில் நின்று என் கையைத் திருத்தினார். இந்த மையம் எனக்குத் தந்ததிலேயே பெரியது அதுதான். வாரத்தில் சிலமுறை அங்கே கிடைக்கும் அரைமணி நேரத்தைவிட, குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் வீட்டில் நாங்கள் செய்வதுதான் அவள் உடம்பில் ஏறுகிறது. இடையில் ஒரு தனியார் மையத்துக்கும் போனோம். கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி கொடுத்தார்கள். என்ன செய்தார்கள் என்று கடைசிவரை எனக்குக் காட்டவே இல்லை. கருவிகள் அங்கே அதிகம்தான். ஆனாலும் நான் யாருக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அரசு மையத்திலும் குறை உண்டு. பேச்சுப் பயிற்சியாளர் மாறிப்போன பிறகு அந்த இடம் பல மாதங்கள் காலியாகவே கிடந்தது. அந்த இடைவெளியில் படஅட்டைப் பயிற்சி அப்படியே நின்றுபோனது. ஒரு சிறு குழந்தைக்கு அந்த மாதங்கள் திரும்பி வராது என்பதை நியமனம் செய்பவர்கள் உணர வேண்டும்.

காகித வேலைகளை முதலிலேயே தொடங்கிவிடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இருந்தால் மற்றவை சுலபம். தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023-இல் மாதம் 2000 ரூபாயாக உயர்ந்தது. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிரமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. ஏற்கெனவே உள்ள நோய் என்று தள்ளுவதில்லை, பயிற்சிச் செலவையும் கேட்கலாம். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

தென்காசிப் பக்கம் இருப்பவர்கள் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் அமர் சேவா சங்கம் என்ற தொண்டு நிறுவனத்தை விசாரியுங்கள். அவர்களுடைய களப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து பெற்றோருக்குக் கற்றுத்தருகிறார்கள். பஸ் ஏற்றிக் கொண்டுபோக முடியாத குழந்தைக்கு அந்த முறையே சரி.

மாவட்ட மையத்தின் தொடர் பயிற்சி பெரும்பாலும் ஆறு வயதோடு முடிகிறது. ஆறு முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இந்தக் குழந்தைகளின் உரிமை. ஆனால் இவளை எப்படி உட்காரவைப்பது, எந்தப் பக்கத்திலிருந்து பொருளைக் காட்டுவது என்பது பள்ளிக்குத் தெரியாது. ஆகவே மையத்தை விட்டு வருவதற்கு முன் உட்காரும் முறை, ஊட்டும் முறை, பார்வை, வலிப்பு மருந்து எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, சிகிச்சையாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் வாங்கியதில் ஒரு பிரதி வகுப்பாசிரியரிடமும் இன்னொன்று சத்துணவு அமைப்பாளரிடமும் இருக்கிறது.